அர்லீட்டா மிதிக்காத பலகை

அர்லீட்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியே போயிற்று. கோபக்காரி. இதை ஒளித்துச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். ஒருமுறை மீன் அதிகாரி ஒருவன் அவள் அப்பாவின் வலையை அறுத்து எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் காலை இருபத்தாறு பிள்ளைகளோடு பஸ்ஸைக் கொண்டுபோய் அவன் வண்டிக்குக் குறுக்கே நிறுத்தினாள். வலை திரும்பி வரும்வரை சாவியைத் தொடவில்லை. பிள்ளைகளுக்கு முதல் இரண்டு பாடம் போயிற்று. அவர்கள் அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு வருஷம் முழுக்க வாயையும் காலையும் கட்டிக்கொண்டு உட்கார வேண்டி வந்தது. அதுவும் ஓர் அற்பனுக்கு எதிரே.

ஒரு நவம்பரில் அவள் தம்பி லோரன் செத்துப்போனான். ஐம்பத்திரண்டு வயது. காலையில் ஆற்றுக்குப் போக பூட்ஸ் மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. மனைவி கோனி காப்பியை ஊற்றிவிட்டு ஏதோ பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள், பதில் வராததைக்கூட முதலில் கவனிக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. இருந்தது ஒரு பழைய வண்டி, நாலு வலை, ஆற்றில் ஒரு பரண்.

பரண் என்றால் இடுக்குப் பாறையில், அருவிக்குக் கீழே மூன்றாவது. பாறையில் இரும்புக் கயிறு கட்டி ஆற்றுக்கு மேலே நீட்டிய பலகைகள், அவ்வளவுதான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அதன் நுனியில் நின்று, இருபதடிக் கம்பின் முனையில் இருக்கும் வளையவலையை நீரோட்டத்தோடு இறக்க வேண்டும். அருவி ஏறுவதற்கு முன் மீன் மூச்சு வாங்கும் சுழல் சரியாக அதன் அடியில் இருக்கிறது. தாத்தா கட்டியது, அப்பா நின்றது, பிறகு லோரனும் அர்லீட்டாவும் மாறி மாறி நின்றது. லோரன் கையில் வலை இருந்தால் அர்லீட்டா கயிற்றைப் பிடிப்பாள், அவள் கையில் இருந்தால் அவன் பிடிப்பான். யார் பெரிய மீன் எடுத்தார்கள் என்று இருவரும் இருபது வருஷமாகச் சண்டை போட்டார்கள்.

ஆற்றங்கரைப் பூர்வகுடிகளான அந்த மக்களிடம் சாவுக்கு ஒரு வருஷக் கட்டு உண்டு. செத்தவனின் வீட்டார் அந்த வருஷம் மீன் பிடிக்கக் கூடாது, வேட்டைக்குப் போகக் கூடாது, விருந்துகளில் தலை காட்டக் கூடாது. செத்தவனின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. வருஷம் முடிந்ததும் ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, பெயரைச் சொல்லி, பரிசு கொடுத்துக் கட்டை அவிழ்ப்பார்கள். நடுவில் அந்த வீட்டாரில் யாராவது பொறுக்காமல் வலையைத் தொட்டாலோ பரணில் கால் வைத்தாலோ அதுவரை காத்ததெல்லாம் வீண். அன்றிலிருந்து மறுபடி ஒரு முழு வருஷம்.

அர்லீட்டா தலைமுடியைக் காதுவரை வெட்டிக்கொண்டாள். வலைகளைக் கொட்டகையில் பூட்டிச் சாவியைக் கோனியிடம் கொடுத்தாள். தினமும் பஸ் ஓட்டினாள். ஆறு தெரியும் வளைவு வரும்போது எதிர்ப்பக்க மலையைப் பார்த்தாள்.

ஜனவரியில் ஒருநாள் பெட்ரோல் போட நின்றபோது ஹோல்கம் வந்தார். நகரத்தில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் ஸ்டீல்ஹெட் ஏறும்போதெல்லாம் மார்புவரை ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு எதிர்க்கரையில் தூண்டிலோடு நிற்பார். பிறந்த ஆற்றுக்குக் கடலிலிருந்து திரும்பி வருகிற அந்த மீனைப் பிடித்து, படம் எடுத்து, தடவிக்கொடுத்துத் திரும்ப விட்டுவிடுவார். நாள் முழுக்கப் பனியில் நின்று பட்டினியோடு வீட்டுக்குப் போகிற அந்தச் சந்தோஷம் அர்லீட்டாவுக்கு விளங்கியதே இல்லை. ஆனால் கெட்ட மனுஷர் இல்லை.

"அர்லீட்டா! லோரன் எப்படி இருக்கார்? பரணுக்குப் புதுப் பலகை போட்டிருக்காரே! நேத்து என் கண் முன்னாலயே ரெண்டு ஸ்டீல்ஹெட் எடுத்தார். கைய ஆட்டினேன், திரும்பிக்கூடப் பாக்கல. எம்மேல ஏதாச்சும் கோபமா?"

இரண்டு மாதமாக யாரும் சொல்லாத பெயர்.

"அது என் தம்பி இல்ல. என் தம்பி செத்துட்டான்."

ஹோல்கம் முகம் வெளுத்துப்போய் தொப்பியைக் கழற்றினார். "அப்ப அங்க நிக்கறது யாரு?"

"அதத்தான் பாக்கப் போறேன்."

மேலே சாலையோரத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தாள். டெல்பர்ட்டின் நீல வண்டி. கீழே டெல்பர்ட். அவள் அப்பாவும் அவன் அப்பாவும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். அப்படியென்றால் அவன் அவளுக்குத் தம்பி முறை, லோரனுக்கும் தம்பி. அவனுடைய சொந்தப் பரணின் அடியில் மீன் அவ்வளவாகத் தங்காது. லோரன் இருந்தவரை வாரத்துக்கு மூன்று நாள் "அண்ணே, ஒரு மீன் இருந்தா குடு" என்று வாசலில் வந்து நிற்பான். லோரனும் கொடுத்துத் தொலைப்பான்.

வீட்டுக்குப் போய்ப் போன் போட்டாள்.

"டேய், அங்க என்னடா பண்ற?"

"மீன் புடிக்கறேன்க்கா."

"துக்க வருஷம்டா இது! நீயும் தம்பி முறை. நீயுந்தான் கைய கட்டிட்டு உக்காரணும்."

"இங்கிலீஷ் கணக்குப் பாத்தா நான் ரெண்டாம் கஸின்தானேக்கா. அதுக்கு ஒரு வாரம் போதும். காத்துட்டேன்."

"மீன் வாங்கித் தின்னப்போ அண்ணன், செத்தப்போ ரெண்டாம் கஸினா? மரியாதையா எறங்கு. அது யார் எடம்னு உனக்குத் தெரியும்."

மறுமுனையில் அவன் சிரிப்பது கேட்டது. "யார் எடம்க்கா? பேரச் சொல்லு. சொன்னா இப்பவே எறங்கிடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. போனைச் சுவரில் அடித்தாள். போன் உடைந்தது, சுவரிலும் ஒரு குழி விழுந்தது. அந்தக் குழியை அவள் இன்னும் பூசவில்லை.

வசந்தம் வந்தது. முதல் சால்மன் ஏறியது. முதல் மீனுக்கு ஊர்க்கூடத்தில் விருந்து வைத்த பிறகுதான் மற்றவர்கள் தங்கள் வீட்டுக்குப் பிடிப்பார்கள். துக்கம் காக்கிற வீட்டார் விருந்துக்குப் போக முடியாது, பங்கு வீடு தேடி வரும். அலுமினியத் தாளில் சுற்றிய துண்டோடு வந்த பெண் வாய் தவறிச் சொல்லிவிட்டாள், இந்த வருஷ முதல் மீனை எடுத்தவன் டெல்பர்ட் என்று. கோனி தன் பங்கை அப்படியே தூக்கி நாய்க்குப் போட்டாள். அர்லீட்டா தன்னுடையதைத் தின்றாள். மீன் மேல் என்ன தப்பு என்றாள்.

அந்த வாரமே மீன் குழுவின் முன்னால் போய் நின்றாள். ஐந்து ஆண்கள், ஒரு பெரிய காப்பிக் கெண்டி. பரண்களைப் பற்றி அவர்களிடம் எழுதி வைத்த விதி ஒன்று உண்டு: நான்கு பருவமும் யார் வலை ஓர் இடத்தில் இறங்குகிறதோ அந்த இடம் அவர் பெயரில் பதியப்படும். துக்க வீட்டாரின் பரணை யாரும் தொடுவதில்லை என்பதும் விதிதான். அதை எழுதி வைக்கவில்லை.

"அவன் செய்யறது அசிங்கம்னு எங்களுக்கும் தெரியுது அர்லீட்டா," என்றார் தலைவர், கோப்பையைப் பார்த்துக்கொண்டே. "ஆனா துக்கத்தப் பத்தி இதுல ஒண்ணும் எழுதலையே. அக்டோபர் முடிஞ்சா அவனுக்கு நாலு பருவம் ஆயிடும். டிசம்பர் கூட்டத்துல பதிஞ்சு குடுன்னு எழுதிக் குடுத்திருக்கான்."

"எழுதாம விட்டது ஏன் தெரியுமா? நம்மாளு எவனும் இவ்வளவு கேவலமா நடக்க மாட்டான்னு நம்பினாங்க, அதனால."

"அவனா விட்டுக் குடுத்தா உண்டு. எங்க கையில ஒண்ணுமில்ல."

"உங்க கையில கோப்பை இருக்கு. குடிங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

கோடையில் அவன் பரணில் குடை நட்டான். பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். லோரன் செதுக்கிப் போட்ட பலகைகளில் இன்னும் இரண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கடைப் பலகை அடித்தான். சிவப்புச் சால்மன் கூட்டங்கூட்டமாக ஏறிய ஜூலையில் சாலையோரம் கடை விரித்து, வருகிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் "எங்க குடும்பத்துப் பரண், நூறு வருஷமா எங்களுது" என்று கதை சொன்னான். எந்தக் குடும்பம் என்று கேட்க ஆளில்லை. கேட்க வேண்டியவள் மேலே சாலையில் போய்க்கொண்டிருந்தாள். வெட்கம் என்பதைக் கழற்றி வைத்துவிட்ட மனிதனுக்கு எதிரே, வழக்கத்தை மதிக்கிறவர்கள் என்ன செய்ய முடியும்? அவன் அந்த மதிப்பின் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

செப்டம்பரில் இலையுதிர்காலச் சால்மன் வந்தது. அதுதான் வருஷத்தின் பெரிய மீன், ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கனம். ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு அர்லீட்டா காலிப் பஸ்ஸோடு இடுக்குப் பாறைக்குப் போனாள். பாறைப் படிகளில் இறங்கினாள். பரண் தொடங்குகிற இடம்வரை வந்து நின்றாள்.

டெல்பர்ட் வலையை மேலே இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினான். "வாக்கா, வா. எட்டு மாசம் கழிச்சுப் பாக்கற. உக்காரு, நாற்காலி இருக்கு."

"அந்த நாற்காலியோட சேத்து உன்னத் தண்ணியில தள்ளணும்டா நாயே."

"தள்ளேன். வந்து தள்ளு."

"உன் அம்மா செத்தப்போ ஒரு வருஷம் உங்க வீட்டுக்கு யாருடா மீன் குடுத்தது? உன் வலைய யாருடா பத்திரமா வெச்சிருந்தது? வெக்கங்கெட்டவனே, உன் பரணுக்குப் பக்கத்துல ஒரு காக்காயாச்சும் வந்து உக்காந்துச்சா?"

"அதெல்லாம் பழைய கதக்கா. பொம்பள நீ, வயசு அறுபது ஆகப் போகுது. கயிறு புடிக்க ஆள் இல்ல. உனக்கு எதுக்குப் பரண்?"

"நாப்பத்தஞ்சு பவுண்டு மீன ஒத்தக் கையில தூக்கினவடா நான்!"

"அப்ப வா. வந்து வலையப் புடிங்கிக்கோ. இந்தா." அவன் வலைக்கம்பை அவள் பக்கம் நீட்டினான். "ஒரே ஒரு அடி. என்ன பயம்?"

அவள் வலது காலைத் தூக்கிவிட்டாள். அப்போதுதான் ஒன்றைப் பார்த்தாள். அடிக்க வருகிற மனுஷியின் கையையோ முகத்தையோ அவன் பார்க்கவில்லை. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கால் பலகை மேல் பட்டிருந்தால் துக்க வருஷம் அங்கேயே அறுந்து புதிதாகத் தொடங்கியிருக்கும். நவம்பரில் விருந்து இல்லை, டிசம்பரில் பரண் அவன் பெயரில் பதியும்போதும் அவள் துக்கத்திலேயே இருப்பாள். அதற்குத்தான் அவன் எட்டு மாதமாகக் காத்திருந்தான்.

தூக்கிய காலைப் பாறையிலேயே திரும்ப வைத்தாள். பிறகு அங்கேயே நின்று அவனைத் திட்டினாள். பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்துத் திட்டினாள். அக்கம்பக்கத்துப் பரண்களில் இருந்தவர்கள் வலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அருவி இரைச்சலையும் மீறிக் கேட்டதாம். திங்கட்கிழமை பஸ்ஸில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை, பிள்ளைகள் அன்றைக்கு இஷ்டத்துக்கு ஆடினார்கள்.

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை விருந்து என்று நாள் குறித்தார்கள். துக்க வீட்டார் மீன் பிடிக்கக் கூடாது என்பதால் அந்த விருந்துக்கு ஊர்தான் மீன் கொண்டுவர வேண்டும். பரண் வைத்திருப்பவன் கொண்டுவராமல் இருந்தால் மானம் போய்விடும். வியாழக்கிழமையிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். ஒருவர் புகையிட்ட மீன், ஒருவர் மூன்று வெள்ளிச் சால்மன், இன்னொருவர் மான் தொடை. வெள்ளி மாலை நீல வண்டி வந்து நின்றது. டெல்பர்ட் இறங்கி, நாலு பேர் பார்க்கும்படி சத்தமாகப் பின்கதவைத் திறந்தான். நான்கு பெரிய ஐஸ் பெட்டிகள். எல்லாம் உறைய வைத்த செப்டம்பர் மீன், கொழுத்தவை. வேறு யாரும் அதில் பாதிகூடக் கொண்டுவரவில்லை.

கோனி கத்தியோடு சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தாள். "அண்ணி, இத நான் ஆத்துல கொட்டிடுவேன். அவர் எடத்துல திருடின மீன அவர் விருந்துக்கே கொண்டு வரான் பாருங்க!"

அர்லீட்டா பெட்டிகளைப் பார்த்தாள். டெல்பர்ட்டைப் பார்த்தாள். அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். தாராளக்காரன் என்று ஊர் பேச வேண்டும், அந்த ஆசை அவன் முகத்தில் வழிந்தது.

"எங்க புடிச்சது?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாதாக்கா?"

"சபையில சொல்லணும்ல? யார் குடுத்தது, எங்க புடிச்சதுன்னு சொல்லித்தான பரிசு குடுப்போம். அதான் கேக்கறேன்."

"அதே எடந்தான்," என்றான், சிரிப்போடு. "நல்லா சொல்லு."

"சொல்றேன். கோனி, பெட்டிய உள்ள எடுத்து வை."

சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் இருநூறு பேர். மீன் குழுவின் ஐந்து பேரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கப்படி தண்ணீர், மீன், இறைச்சி, கிழங்கு, பழம் என்று ஒவ்வொன்றின் பெயரையும் வரிசையாகச் சொல்லிச் சாப்பிட்டார்கள். பிறகு சடங்கை நடத்தி மணியடித்தவர் எழுந்து துக்கம் தீர்ந்தது என்று அறிவித்தார். அர்லீட்டா எழுந்தாள். மீன் கொடுத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, பெயரும் இடமும் சொல்லி, ஒருவருக்குத் துணி, ஒருவருக்குக் கூடை, ஒருவருக்குக் கத்தி என்று கொடுத்தாள். சபையில் பரிசை வாங்கிக்கொண்டவன், கொடுக்கும்போது சொன்ன சொல்லையும் ஒப்புக்கொண்டவன். வேண்டாமென்று மறுத்தால் செத்தவனையே அவமதித்ததாக ஆகும். அப்படி மறுத்த ஆளை அங்கே யாரும் கண்டதில்லை.

"என் தம்பி டெல்பர்ட்," என்று கூப்பிட்டாள்.

அவன் வந்தான். அவள் கையில் இருந்தது அன்றைக்கு இருந்ததிலேயே விலை கூடிய கம்பளி. அவன் கண் அதில்தான் இருந்தது.

"நாலு பெட்டி மீன் குடுத்திருக்கான். எல்லாமே இடுக்குப் பாறையில, மூணாவது பரண்ல, என் தம்பி லோரன் எடத்துல புடிச்சது." மீன் குழு இருந்த பக்கம் திரும்பினாள். "நாங்க துக்கத்துல இருந்ததால அங்க போக முடியல. ஒரு வருஷமா எங்களுக்காக அந்த எடத்தக் காவல் காத்தவன் இவன். பலகை மாத்தினான், நாலு பருவமும் வலை போட்டான், எடம் சும்மா கெடக்க விடல. நல்ல தம்பி அப்படித்தான் செய்வான். இன்னியோட வருஷம் முடிஞ்சுது. பரண எங்ககிட்ட திருப்பிக் குடுக்கறான். அவனுக்கு எங்க வீட்டு நன்றி."

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ "ஆமாம்" என்றார்கள். இன்னொரு குரல். பிறகு எல்லோரும். மீன் குழுத் தலைவரும் சொன்னார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே சொன்னார்.

டெல்பர்ட் முகம் கறுத்துப்போயிற்று. "அது வந்து, நான்..." என்று ஆரம்பித்தான். மணியடித்தவர் மணியை ஒருமுறை ஆட்டினார். அவன் வாயை மூடினான்.

அர்லீட்டா கம்பளியை அவன் தோளில் போர்த்தினாள். போர்த்தும் சாக்கில் கழுத்தருகே இறுக்கிப் பிடித்து, காதில் சொன்னாள். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உன் குடை, நாற்காலி எல்லாத்தையும் எடுத்துடு. நான் வரும்போது அங்க என்ன இருக்குதோ அது ஆத்துக்குத்தான். நீ இருந்தா நீயும்."

"தேங்க்ஸ்க்கா," என்றான் அவன் சத்தமாக. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறென்ன சொல்வான்?

எல்லோரும் போன பிறகு சமையற்கட்டில் கோனி சிரித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். "அண்ணி, அவன் மூஞ்சியப் பாத்தீங்களா! வாழ்நாளுக்கும் போதும் எனக்கு." அர்லீட்டா சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் விட்டெறிந்தாள்.

"என்ன அண்ணி? ஜெயிச்சுட்டோமே!"

"ஒரு வருஷமா அந்தப் பேர வாய்க்குள்ளயே வெச்சிருந்தேன் கோனி. பஸ் ஓட்டும்போது, படுக்கும்போது, எப்பவும். மொத தடவ வெளிய சொல்றப்போ எப்படிச் சொல்லணும்னு யோசிச்சு யோசிச்சு வெச்சிருந்தேன். கடைசியில எதுக்குச் சொன்னேன் பாத்தியா? அந்தத் திருட்டு நாய எறக்கறதுக்கு. அவனுக்கு நன்றி சொல்ற வாயால சொன்னேன்."

கோனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். "இப்ப சொல்லுங்க. எனக்காக. அவன் பேச்சு இல்லாம."

அர்லீட்டா தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், சாமான்கள் அதிரும்படி.

"லோரன்! பாவி, ஏன்டா செத்த?"